குறைகடத்தும் பூச்சும் எண் வரம்பும்: மின்ஒளிப்பட அச்சுப்பொறி உறுப்புகள் மீதான அமெரிக்கக் காப்புரிமை மேல்முறையீடு

ஆய்வுச் சுருக்கம்

ஒளிநகல் எந்திரங்களிலும் லேசர் அச்சுப்பொறிகளிலும் பயன்படும் பூச்சிட்ட குறைகடத்தும் உருளைகளுக்குக் காப்புரிமை கோரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் மின்தடை எண், பூச்சின் தடிமன் முதலான எண் வரம்புகளைக் கொண்டே தம் எல்லையை வகுக்கின்றன. அவ்வரம்புகள் முன்பே அறியப்பட்டவற்றிலிருந்து எளிதில் புலப்படக்கூடியவை என்ற காரணத்தால் விண்ணப்பம் மறுக்கப்படும்போது மேல்முறையீடு எழுகிறது. அமெரிக்கச் சட்டத்தில் இத்தகைய மேல்முறையீடு நடைபெறும் முறையையும், அதில் வெற்றி தோல்வியை முடிவு செய்யும் காரணிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. அடைய வேண்டிய பண்பை மட்டும் எண்ணாகக் கோரும் விண்ணப்பம் வலுவிழக்கிறது என்பதும், அப்பண்பை அடையும் வழியைக் கோரும் விண்ணப்பமே இப்பொருளின் இயற்பியலிலிருந்து வலுப்பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: காப்புரிமை, மேல்முறையீடு, மின்ஒளிப்படவியல், மின்னேற்று உருளை, மின்தடை எண், எண் வரம்பு, எளிதில் புலப்படுதல்.

1. முன்னுரை

1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில், செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னேயும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினர். எழுத்துப் பொறித்த கண்ணாடி வழியே அதன்மீது ஒளியைச் செலுத்தி, நுண்தூளைத் தூவி, மெழுகுத் தாளில் படியெடுத்தனர். மின்ஒளிப்பட அச்சின் தொடக்கம் இதுவே. கார்ல்சன் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைத் துறையில் பணியாற்றியவர். ஆவணங்களை மீண்டும் மீண்டும் படியெடுக்க வேண்டியிருந்த அத்தொழிலின் சிரமமே அவரை இம்முயற்சியில் ஈடுபடுத்தியது. அவருடைய அடிப்படைக் காப்புரிமை 1942ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. காப்புரிமை அலுவலகத்தின் தேவையிலிருந்து பிறந்த தொழில்நுட்பம் பின்னர் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்தின்முன் அடிக்கடி வந்து நிற்கும் பொருளாயிற்று.

அவ்வாறு வந்து நிற்பவை இன்று முழு எந்திரங்கள் அல்ல. எந்திரத்தின் உள்ளே சுழலும் உருளைகளும் பட்டைகளும் அவற்றின் மீதுள்ள மெல்லிய பூச்சுகளுமே. இவ்வுறுப்புகள் சிறியவை எனினும் இவற்றின் மீதான உரிமைக்குப் பொருளியல் முக்கியத்துவம் உண்டு. உருளைகள் தேய்ந்து மாற்றப்படுபவை. ஒருமுறை விற்கப்பட்ட டோனர் பெட்டியின் மீது காப்புரிமையாளர் அதன்பின் காப்புரிமைச் சட்டத்தின்வழி கட்டுப்பாடு செலுத்த இயலாது என்று 2017ஆம் ஆண்டு இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் எதிர் லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பின் பாதுகாப்பு விற்கப்பட்ட பொருளுக்கே உரியது. உருளை தனியே காப்புரிமை பெற்றிருக்குமானால், அதனைப் புதிதாகச் செய்து விற்பவருக்கு அத்தீர்ப்பு துணைநிற்பதில்லை. எனவே ஓர் எண் வரம்பு எவ்வளவு அகலமாக ஏற்கப்படுகிறது என்பது, விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை மாற்று உறுப்புகளை யார் செய்யலாம் என்பதையும் முடிவு செய்கிறது. மறுபுறம், பொருந்தும் பூச்சைக் கண்டறிய நெடுநாள் உழைத்த ஆய்வகத்தின் முயற்சி காக்கப்படுமா என்பதும் அதே எண்ணைச் சார்ந்துள்ளது.

2. 'குறைகடத்தும்' என்பதன் பொருள்

இத்துறையில் 'குறைகடத்தும்' என்னும் சொல் சிலிக்கான் முதலிய படிகக் குறைகடத்திகளைக் குறிப்பதில்லை. உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தாமலும் காப்புப்பொருள்போல் முற்றிலும் தடுக்காமலும் இடைப்பட்ட மின்தடை எண் கொண்ட ரப்பரையும் பிசினையுமே அது குறிக்கிறது. பருமன் மின்தடை எண் ஏறத்தாழ 10⁵ முதல் 10¹⁰ ஓம்-சென்டிமீட்டர் வரையுள்ள பொருள்கள் இவ்வகையில் அடங்கும்.

இந்த இடைநிலை ஏன் தேவைப்படுகிறது என்பதை மின்னேற்று உருளையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தொடக்ககால எந்திரங்களில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் தரப்பட்ட மெல்லிய கம்பி, தன்னைச் சுற்றியுள்ள காற்றை அயனியாக்கி ஒளிகடத்தி உருளையின் மேற்பரப்பை மின்னேற்றியது. அதனால் ஓசோன் வாயு மிகுதியாக உண்டானது. ஒளிகடத்தியைத் தொட்டுச் சுழலும் உருளை அக்கம்பிக்கு மாற்றாக வந்தபோது தேவைப்பட்ட மின்னழுத்தமும் ஓசோனும் பெரிதும் குறைந்தன. தொடும் இடத்தை ஒட்டிய மிக நுண்ணிய காற்றிடைவெளியில் நிகழும் மின்னிறக்கமே இங்கு மின்னூட்டத்தைக் கடத்துகிறது. பாஷன் விதி இதனை விளக்குகிறது.

உருளையின் மின்தடை மிகவும் குறைந்தால் வேறொரு சிக்கல் தோன்றும். ஒளிகடத்திப் படலத்தில் ஊசிமுனை அளவு துளை இருப்பினும் மின்னோட்டம் முழுவதும் அவ்வழியே பாயும்; உருளையின் மின்னழுத்தம் சரியும்; உருளையின் நீளம் நெடுகிலும் மின்னேற்றம் குறைபட்டு, அச்சில் குறுக்குக் கோடு விழும். மின்தடை மிகவும் கூடினாலோ, மேற்பரப்பு தொடுமிடத்தைக் கடந்து செல்லும் குறுகிய நேரத்தில் போதிய மின்னூட்டம் சேராது. ஆகவே மின்தடைக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு என்பது இத்துறையில் நன்கறியப்பட்ட செய்தியாகும். மேல்முறையீட்டில் இச்செய்தியே விண்ணப்பதாரருக்கு முதல் தடையாகிறது.

3. பூச்சின் பணியும் அதன் நிலையாமையும்

உருளையின் உலோகத் தண்டின்மேல் நெகிழ்வான ரப்பர் அடுக்கும், அதன்மேல் மெல்லிய பிசின் பூச்சும் அமைவது வழக்கம். பாலியூரித்தேன், பாலியமைடு, ஃபுளோரின் கலந்த பலபடிகள் முதலியன பூச்சுக்குப் பயன்படுகின்றன. ரப்பரிலுள்ள மென்மையூட்டிகளும் அயனிச் சேர்மங்களும் கசிந்து ஒளிகடத்தியைக் கெடுக்காமல் காப்பது, டோனர் ஒட்டாமல் தடுப்பது, மேற்பரப்பின் மின்தடையைச் சீராக வைப்பது ஆகியன பூச்சின் பணிகள்.

மின்கடத்தும் தன்மையைப் பூச்சுக்கு ஊட்ட இரு வழிகள் உள்ளன. முதலாவது, அயனிச் சேர்மங்களைக் கலப்பது. இதனால் மின்தடை இடத்துக்கு இடம் மாறாமல் சீராக அமையும். ஆனால் காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப அது ஏறியும் இறங்கியும் நிற்கும். இரண்டாவது, கார்பன் பிளாக் எனப்படும் நுண்கரித்தூளைக் கலப்பது. இது ஈரப்பதத்தால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் இதற்கு வேறோர் இயல்பு உண்டு. தூளின் அளவு குறைவாக உள்ளவரை துகள்கள் ஒன்றையொன்று எட்டாமல் பிசினில் தனித்தனியே கிடக்கும். மின்தடை பெரிதாக மாறாது. ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் துகள்கள் தொடர்ச்சியான பாதையாக இணையும். தூளின் பங்கைச் சிறிது கூட்டினாலும் மின்தடை எண் பல பதின்மடங்கு சரியும். இவ்வெல்லையை இக்கட்டுரை 'வாசல் அளவு' எனச் சுட்டுகிறது.

இத்துறைக்குத் தேவையான இடைப்பட்ட மின்தடை பெரும்பாலும் இச்செங்குத்துச் சரிவின் நடுவிலேயே அமைகிறது. தூள் எவ்வளவு நன்றாகப் பரவியுள்ளது, துகளின் அமைப்பு எத்தகையது, பிசின் எது, எந்தக் கரைப்பானில் கலக்கப்பட்டது, எவ்வாறு உலர்த்தப்பட்டது என்பவற்றில் எது மாறினாலும் வாசல் அளவு நகரும். சுருங்கக் கூறின், எந்த மின்தடை வேண்டும் என்பது அறியப்பட்டது; அதனை எவ்வாறு தவறாமல் அடைவது என்பது பல நேரங்களில் அறியப்படாதது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பின்வரும் சட்ட ஆய்வின் மையமாகும்.

4. மேல்முறையீட்டின் நடைமுறை

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஓர் உரிமைக்கோரல் இருமுறை மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அதனை விசாரிப்பது காப்புரிமை விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியம். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 16 முதல் இப்பெயரில் இயங்கும் இவ்வாரியத்தில் குறைந்தது மூவர் கொண்ட குழு வழக்கைக் கேட்கும். விண்ணப்பதாரரின் மேல்முறையீட்டு வாதவுரை, பரிசீலனை அலுவலரின் விடையுரை, அதற்கு விண்ணப்பதாரரின் எதிருரை என்ற வரிசையில் ஆவணங்கள் அமைகின்றன.

வாரியம் விண்ணப்பத்தை முதலிலிருந்து மீண்டும் பரிசீலிப்பதில்லை. விண்ணப்பதாரர் எப்பிழைகளைச் சுட்டுகிறாரோ அவற்றை முன்வைத்தே மறுப்பை ஆராயும் என்பது 2010ஆம் ஆண்டின் ஃபிரை வழக்கில் நிலைநாட்டப்பட்டது. வாதவுரையில் எழுப்பப்படாத காரணம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். வாரியத்தின் முடிவு பாதகமாயின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். முதல் வழியில் புதிய சான்றுக்கு இடமில்லை. இரண்டாம் வழியில் புதிய சான்று தரலாம் என்பதை 2012ஆம் ஆண்டு காப்போஸ் எதிர் ஹயாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சட்ட முடிவுகளைத் தானே புதிதாக ஆராயும். உண்மை நிலை பற்றிய வாரியத்தின் முடிவுகளையோ போதிய சான்று இருக்கும்வரை மாற்றாது. எளிதில் புலப்படுவதா என்பது சட்டக் கேள்வி. அதற்கு அடிப்படையான செய்திகள் உண்மைக் கேள்விகள். 1966ஆம் ஆண்டின் கிரஹாம் எதிர் ஜான் டீர் வழக்கு வகுத்த இப்பகுப்பின் விளைவாக, முன்னைய ஆவணம் எதனைக் கற்பிக்கிறது, ஆய்வகத் தரவு எதனைக் காட்டுகிறது என்பன பெரும்பாலும் வாரியத்திலேயே முடிந்துவிடுகின்றன.

5. எண் வரம்பு பற்றிய தீர்ப்புகள்

முன்பே அறியப்பட்ட செயல்முறையில் ஏற்ற அளவுகளை வழக்கமான சோதனைகளால் கண்டறிவது பொதுவாகக் கண்டுபிடிப்பு ஆகாது என்ற கொள்கை 1955ஆம் ஆண்டின் ஆலர் வழக்கில் தெளிவாக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டின் போஷ் வழக்கு இதனை நிக்கல் உலோகக்கலவைக்குப் பொருத்தியது. விளைவை நிர்ணயிப்பதாக அறியப்பட்ட ஒரு மாறியின் சிறந்த மதிப்பைக் காண்பது அத்துறையினரின் இயல்பான திறனுக்கு உட்பட்டது என்பது அதன் சாரம்.

இக்கொள்கைக்கு எல்லை வகுத்தது 1977ஆம் ஆண்டின் அன்டோனி வழக்கு. கழிவுநீரைத் தூய்மைசெய்யும் கருவியில் தொட்டியின் கொள்ளளவுக்கும் சுழலும் தகடுகளின் பரப்புக்கும் உள்ள விகிதம் அங்குக் கோரப்பட்டது. அவ்விகிதம் கருவியின் திறனை நிர்ணயிக்கிறது என்பதையே முன்னைய ஆவணம் உணர்ந்திருக்கவில்லை. எனவே அதனை மேம்படுத்துவது வழக்கமான பணி எனக் கொள்ள இயலாது என்று மறுப்பு நீக்கப்பட்டது. ஆகவே முதற்கேள்வி, கோரப்பட்ட மாறி இன்ன விளைவைத் தரும் என்பது முன்பே அறியப்பட்டதா என்பதாகும்.

பூச்சுத் தொழிலுக்கு மிக நெருக்கமானது 1997ஆம் ஆண்டின் கைஸ்லர் வழக்கு. ஒளியைத் திருப்பும் பொருளின் மீதுள்ள காப்புப் படலத்தின் தடிமன் 50 முதல் 100 ஆங்ஸ்ட்ராம் எனக் கோரப்பட்டது. முன்னைய ஆவணம் 100 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறையாத தடிமனை வேண்டியது. இரு வரம்புகளும் ஒரு முனையில் தொட்டன. அதுவே எளிதில் புலப்படுவது என்னும் முதல்நோக்கு முடிவுக்குப் போதுமானதாயிற்று. எதிர்பாராத விளைவு கிட்டியது என்ற கூற்றைத் தரவு தாங்கவில்லை. வழக்குரைஞரின் வாதம் சான்றாகக் கொள்ளப்படவில்லை.

2003ஆம் ஆண்டின் பீட்டர்சன் வழக்கில் ரேனியம் 1 முதல் 3 விழுக்காடு எனக் கோரப்பட்டது. முன்னைய வரம்பு 0 முதல் 7 விழுக்காடு. விண்ணப்பதாரர் காட்டிய மேம்பாடு கோரப்பட்ட வரம்பு முழுமைக்கும் பொருந்தவில்லை. எனவே மறுப்பு உறுதிசெய்யப்பட்டது. கோரும் அகலத்துக்கு ஈடாகத் தரவும் அகலமாக இருக்க வேண்டும் என்பது இதன் படிப்பினை.

2017ஆம் ஆண்டின் ஸ்டெப்பன் வழக்கு எதிர்த்திசையில் முக்கியமானது. களைக்கொல்லிக் கலவை ஒன்றைப் பற்றிய அவ்வழக்கில், வழக்கமான மேம்படுத்தலால் இதனை அடையலாம் என்று கூறினால் மட்டும் போதாது; ஏன் அடைய முடியும் என்பதையும் விளக்க வேண்டும் என்று ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் வாரியத்தின் முடிவை நீக்கி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. வெற்றி கிட்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருந்ததா என்பதும் ஆராயப்பட வேண்டியதாயிற்று.

6. கொள்கைகளை உருளைக்குப் பொருத்துதல்

விளக்கத்திற்காகக் கற்பனையான ஓர் உரிமைக்கோரலைக் கொள்ளலாம். ரப்பர் அடுக்கின்மேல் 5 முதல் 15 மைக்ரோமீட்டர் தடிமனும் 10⁶ முதல் 10⁹ ஓம்-சென்டிமீட்டர் மின்தடை எண்ணும் உடைய, கரித்தூள் கலந்த பிசின் பூச்சு கொண்ட மின்னேற்று உருளை அது. முன்னைய ஆவணம் ஒன்று 10 முதல் 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள, கரித்தூள் கலந்த பூச்சைக் கூறுகிறது. மின்தடை எண்ணைக் கூறவில்லை. மற்றோர் ஆவணம் மின்தடை கூடினாலும் குறைந்தாலும் நேரும் குறைகளை விவரிக்கிறது.

தடிமனில் இரு வரம்புகளும் மேற்படிவதால் பீட்டர்சன், கைஸ்லர் தீர்ப்புகள் விண்ணப்பதாரருக்கு எதிராக நிற்கும். மின்தடை எண் விளைவை நிர்ணயிக்கும் மாறி என்பதை இரண்டாம் ஆவணமே கற்பிப்பதால் அன்டோனி வழக்கின் பாதுகாப்பும் கிட்டாது. மேலும், பொருளும் செய்முறையும் ஒத்திருக்கும்போது, முன்னைய பூச்சு இதே மின்தடை எண்ணை இயல்பாகவே பெற்றிருக்கும் என்று பரிசீலனை அலுவலர் கொள்ளக்கூடும். காப்புரிமை அலுவலகத்துக்குச் சோதனைக்கூடம் இல்லாமையால், அவ்வாறு இல்லை எனக் காட்டும் சுமை விண்ணப்பதாரருக்கு மாறும் என்பது 1977ஆம் ஆண்டின் பெஸ்ட் வழக்கின் முடிவு.

இந்நிலையில் விண்ணப்பதாரர் வாசல் அளவின் நிலையாமையைத் தம் துணைக்கு அழைப்பது இயல்பு. தூளின் பங்கில் சிறு மாற்றமும் மின்தடையைப் பல பதின்மடங்கு மாற்றுவதால் இது வழக்கமான சோதனை அன்று என்பது அவ்வாதம். இயற்பியல் நோக்கில் இது சரியே. ஆயினும் மேற்கண்ட உரிமைக்கோரலுக்கு இது உதவாது. அக்கோரலில் இருப்பது அடைய வேண்டிய மின்தடை மட்டுமே. நிலையாமையை வென்ற வழி அதில் இல்லை. எவ்வழியாலேனும் அம்மின்தடையை எட்டிய பூச்சுகள் அனைத்தையும் தனதாக்கிக்கொள்ளும் கோரல், ஒரு குறிப்பிட்ட வழியின் அருமையைத் தன் தகுதியாகக் காட்ட இயலாது.

அதே வாதம் விண்ணப்பதாரரையே திரும்பித் தாக்கவும் கூடும். முன்கூட்டி உரைக்க இயலாத துறை என்று அவரே கூறும்போது, கோரப்பட்ட வரம்பு முழுவதையும் பிறர் செய்து பயன்படுத்துமாறு அவருடைய விவரிப்பு கற்பிக்கிறதா என்னும் கேள்வி எழும். கோரப்பட்ட வகை முழுவதையும் செய்யுமாறு கற்பிக்க வேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டு அம்ஜென் எதிர் சனோஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. வாசல் அளவு ஒரே சமயத்தில் கேடயமாகவும் இருமுனைக் கத்தியாகவும் அமைகிறது.

இனி, உரிமைக்கோரல் வேறுவிதமாக அமைந்ததாகக் கொள்ளலாம். துகளின் அமைப்பு, பிசினின் வகை, இரண்டையும் கலக்கும் முறை ஆகியன கோரலிலேயே இடம்பெறுகின்றன; அச்சேர்க்கையால் வாசலின் சரிவு தணிந்து, தூளின் பங்கு சற்றே மாறினாலும் மின்தடை நிலையாக நிற்கிறது. வரம்பின் இரு முனைகளிலும் நடுவிலும், முன்னைய ஆவணங்களுள் மிக நெருங்கிய பூச்சுடன் ஒப்பிட்ட அளவீடுகள் உறுதிமொழி ஆவணமாகத் தாக்கல் செய்யப்பட்டுள்ளன. இப்போது அன்டோனி வழக்கின் கேள்விக்கு வேறு விடை கிடைக்கிறது. மின்தடை எண் அறியப்பட்ட மாறியே. ஆனால் சரிவின் செங்குத்தைத் தணிக்கும் மாறி எது என்பதை யாரும் அறிந்திருக்கவில்லை. ஸ்டெப்பன் தீர்ப்பின்படி, ஏன் அதனை எட்ட முடியும் என விளக்கும் கடமை இப்போது அலுவலகத்தைச் சாரும். கோரல் குறுகியது, ஆயினும் நிற்க வல்லது.

இவ்விரு கோரல்களுக்குப் பின்னாலும் ஒரே ஆய்வகத்தின் ஒரே உழைப்பு இருந்திருக்கலாம் என்பது கருதத்தக்கது. வேறுபாடு, அவ்வுழைப்பின் எப்பகுதி தாளில் எழுதப்பட்டது என்பதில் உள்ளது. மேல்முறையீட்டில் வாதங்களைச் செப்பம் செய்யலாம். தாக்கலாகாத அளவீட்டை உண்டாக்க முடியாது.

7. முடிவுரை

இவ்வாய்வின்வழி பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

குறைகடத்தும் உறுப்புகளில் மின்தடைக்கு இருபுற எல்லை உண்டு என்பது பரவலாக அறியப்பட்டதாகையால், மின்தடை எண்ணின் வரம்பை மட்டும் கோரும் விண்ணப்பம் மேல்முறையீட்டில் நிலைபெறுவது அரிது.

வாசல் அளவின் நிலையாமை ஓர் உண்மையான தொழில்நுட்ப இடர்ப்பாடு. ஆயினும் அதனைக் கடந்த வழி உரிமைக்கோரலில் இடம்பெறும்போது மட்டுமே அது சட்டப் பயன் தருகிறது.

எதிர்பாராத விளைவு என்னும் வாதம் மிக நெருங்கிய முன்னைய பூச்சுடன் ஒப்பிடப்பட்டதாகவும் கோரப்பட்ட வரம்பு முழுமைக்கும் ஈடானதாகவும் இருத்தல் வேண்டும். அதற்கான அளவீடுகள் மேல்முறையீட்டுக்கு முன்பே பதிவேட்டில் சேர்ந்திருக்க வேண்டும்.

அகன்ற வரம்பை மறுப்பதால் மாற்று உறுப்புகளைச் செய்வோருக்கு வழி திறந்திருக்கிறது. குறுகிய, தரவால் தாங்கப்பட்ட கோரலை ஏற்பதால் ஆய்வகத்தின் உழைப்பும் காக்கப்படுகிறது. இவ்விரு நலன்களையும் பிரிக்கும் கோடு, கண்டறிந்தவர் தாம் உண்மையில் கண்டறிந்ததை மட்டும் கோருகிறாரா என்பதிலேயே அமைந்துள்ளது.